திரௌபதி தண்ணீர் குடித்த கதை

மரக்காணம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் எடை மெஷினைத் திரௌபதி உடைத்துவிட்டாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். அவள் ஏறி நின்றாள். முள் ஓட வேண்டிய இடமெல்லாம் ஓடி முடித்து, கடைசிக் கோட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றது. நடந்தது அவ்வளவுதான். நர்ஸம்மா மெஷினை இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "நூத்தி இருவதுக்கு மேல இதுல காட்டாதுக்கா" என்றார்.

"அப்போ நான் பாஸா, பெயிலா?" என்று கேட்டாள் திரௌபதி.

வரிசையில் நின்றிருந்த கர்ப்பிணிப் பெண்கள் சிரித்த சிரிப்பில் இரண்டு பேருக்கு அங்கேயே வலி எடுத்துவிடும் போலிருந்தது.

அவளுடைய பழக்கமே அதுதான். யாராவது கேலி செய்வதற்குள் தானே முந்திக்கொண்டு செய்துவிடுவாள். பஸ்ஸில் ஏறினால், "கண்டக்டரே, எனக்கு ஒண்ணரை டிக்கெட்டு" என்பாள். கல்யாண வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தால், "இது மாப்பிள்ளை வீட்டு நாற்காலியா? அப்போ ஒக்காரலாம்" என்பாள். ஊரே சிரிக்கும். சிரித்து முடித்தவர்கள் அவளைக் குத்திப் பேச வாய் வராமல் போய்விடுவார்கள். அந்தச் சூட்சுமம் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பிறந்த ஊர் இரும்பை. பத்தொன்பது வயதில் மரக்காணத்துக்கு மருமகளாக வந்தாள். புருஷன் கண்ணாயிரம் உப்பளத்தில் மோட்டார் ஓட்டுகிறவன், அதாவது உப்புத்தண்ணீரைப் பாத்திகளுக்கு இறைக்கிற இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறவன். இவளும் வந்த மறுமாதமே பாத்தியில் இறங்கி உப்பு வாரினாள், கூடை சுமந்தாள், வரப்பில் ஓடினாள். முப்பது வயதில் தைராய்டு வந்தது. பின்னாலேயே சர்க்கரை வந்தது. உடம்பு ஊற ஆரம்பித்தது. எல்லாரும் தின்ற சோற்றைத்தான் அவளும் தின்றாள். ஆனால் ஊர் அவள் தட்டைத்தான் எட்டிப் பார்த்தது. முட்டி இரண்டும் சண்டை போட்டுக்கொண்ட பிறகு கூடை சுமப்பதை விட்டுவிட்டு, ஷெட்டில் உட்கார்ந்து கோணி ஊசியால் உப்பு மூட்டைகளின் வாயைத் தைக்கிற வேலைக்கு வந்தாள்.

ஷெட்டில் மூட்டைகளை எடை போடுகிறவர் பெயர் மண்ணாங்கட்டி. முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்காததால், இவர் மீதாவது எமனுக்கு ஆசை வராமல் இருக்கட்டும் என்று பெற்றவர்கள் வைத்த பெயர். திட்டம் பலித்து ஐம்பத்தைந்து வயதாகிறது. பேச மாட்டார், சிரிக்க மாட்டார். ஒருமுறை திரௌபதி அவருடைய மதியச் சாப்பாட்டுப் பையை மூட்டைக்குள் போட்டு, மேலே உப்பைத் தள்ளி, வாயைத் தைத்துவிட்டாள். அந்த மூட்டை மெஷினில் ஏறியது. அவர் ஒரே ஒரு முறை எண்ணைப் பார்த்தார். "அம்பது கிலோ அறுநூறு. என் சோறு உள்ள கீது, பிரி" என்றார். அவ்வளவு கறார்.

திரௌபதிக்கு நாற்பத்து மூன்று வயதானபோது, புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் சர்க்கரை டாக்டர் அவளை ஆபரேஷன் டாக்டர் சங்கீதாவிடம் அனுப்பினார். வயிற்றைத் தடுத்து முட்டை அளவுக்கு ஒரு சின்னப் பையாக்கி, அதைக் குடலோடு நேராகத் தைத்துவிடுகிற ஆபரேஷன். உடம்பு குறையும், சர்க்கரையும் அடங்கும். தை கடைசியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்குப் போகும்போது டாக்டர் ஒரு தாள் கொடுத்தார். முதல் மாதம் கஞ்சித் தண்ணீர், அப்புறம் குழைத்த சோறு, அப்புறம் இட்லி. எல்லாம் ஒவ்வொரு ஸ்பூனாக. தாளின் முதல் வரி: அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் வாந்தி வரும். கடைசி வரி: வாந்தி நிற்காமல் தொடர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவும். திரௌபதி எட்டாவதோடு நின்றவள். முதல் வரியை மனப்பாடம் செய்தாள். கடைசி வரி வரை போவதற்குள் தூக்கம் வந்துவிட்டது.

வாரா வாரம் எடை பார்க்கச் சொன்னார்கள். சுகாதார நிலையத்து முள் அவளுக்குச் சரிப்பட்டு வராது. அதனால் சனிக்கிழமை தோறும் உப்பு மூட்டை மெஷினில் ஏறினாள். மண்ணாங்கட்டி எண்ணைப் படிப்பார், ஷெட் சுவரில் சாக்பீஸால் எழுதுவார். நூற்று இருபத்து நான்கு. நூற்றுப் பதினெட்டு. நூற்றுப் பதினாறு. ஒவ்வொரு எண்ணுக்கும் ஷெட்டே கைதட்டியது. மூட்டை பிடிக்கிற ஆராயி, "அக்கா நூறுக்குக் கீழ வர்ற அன்னிக்கு லட்டு வாங்கறோம்" என்று அறிவித்தாள். ஆபரேஷன் செய்துகொண்டவளுக்கு லட்டு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கொண்டாட்டம் என்றால் லட்டு. சட்டம் அது.

நாலாவது வாரம் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஐந்தாவது வாரத்தில்தான் அந்தக் குற்றம் நடந்தது.

குற்றம் என்றால் ஒரு நெத்திலிக் கருவாடு. ஒன்றே ஒன்று. கண்ணாயிரத்துக்கு வறுத்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாகக் கஞ்சித் தண்ணீர் குடித்த நாக்கு. சட்டியின் ஓரத்தில் மொறுமொறுவென்று ஒன்று தனியாகக் கிடந்தது. எடுத்து வாயில் போட்டு, டாக்டர் சொன்னபடி முப்பது தடவை மென்று முழுங்கினாள். இறங்கிவிட்டது. ஆனால் நாலு நாள் கழித்துக் குழைத்த சோறு நெஞ்சுக்குழியில் நின்றது. நின்றது, அசையவில்லை, பத்து நிமிஷத்தில் வந்த வழியே வந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த வாரம் ரசம் கூட இரண்டு ஸ்பூனுக்கு மேல் இறங்கவில்லை.

திரௌபதிக்குக் கணக்குச் சரியாகப் புரிந்தது. அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் வாந்தி வரும். அவள் நெத்திலி தின்றாள். வாந்தி வருகிறது. இதில் போய் யாரிடம் சொல்வது? "அடங்காத வாய், ஆபரேஷன் பண்ணியும் திருட்டுத்தனமா தின்னுச்சு" என்று பேச ஊருக்கு எத்தனை நேரமாகும்? பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கேலியால் வாசலை அடைத்து வைத்திருந்தவள். இந்த ஒரு கேலிக்கு மட்டும் அவளிடம் முந்திக்கொள்ள வார்த்தை இல்லை.

அதனால் மறைத்தாள். வீட்டில் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தாள். உப்பளத்தில் மறைப்பது அதைவிடச் சுலபம். குவித்து வைத்த உப்பு அம்பாரத்துக்குப் பின்னால் போனால் எல்லாமே வெள்ளை. அவள் எடுத்ததும் வெறும் வெள்ளை நுரை.

"கண்ணெல்லாம் உள்ள போயிக்கினு இருக்குதே, துரோபத" என்று கண்ணாயிரம் ஒரு நாள் கேட்டான்.

"ஒடம்பு போற ஸ்பீடுக்குக் கண்ணு மட்டும் வெளிய நிக்குமா? வாய மூடிக்கினு சாப்டுய்யா."

சுவரில் எண்கள் இறங்கின. நூற்று எட்டு. நூற்று நான்கு. கைதட்டல் ஏறியது.

எட்டாவது வாரம் சனிக்கிழமை. ஆராயி பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து ஒரு டப்பா லட்டு வாங்கி வந்திருந்தாள். யாரோ மெஷினுக்குச் சாமந்திப்பூச் சரம் சுற்றியிருந்தார்கள். ஷெட்டில் ஒரு ஆளும் வேலை செய்யவில்லை. திரௌபதி மெஷினில் ஏறும்போது கால் ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் போனாள். "ஹீரோயின் என்ட்ரி இப்டித்தான் இருக்கும்" என்று சமாளித்து நின்றாள்.

தொண்ணூற்று ஏழு.

"ஏ…!" என்று ஷெட்டே கத்தியது. "எழுதுண்ணா, எழுதுண்ணா!" என்று ஆராயி குதித்தாள்.

மண்ணாங்கட்டி சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணையே பார்த்தார். ஒருமுறை அல்ல, மூன்று முறை பார்த்தார். அப்புறம் சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எழுத மாட்டேன்."

"ஏம்ப்பா, உனக்கு வயித்தெரிச்சலா?" என்று யாரோ கத்தினார்கள்.

"ஒரு வாரத்துல ஏழு கிலோ" என்றார் மண்ணாங்கட்டி. அவர் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "காய வேண்டிய அளவு காஞ்சா நல்ல உப்பு. அம்பாரம் ஒரே வாரத்துல இப்டி எடை உட்டுச்சுனா, உள்ள தண்ணி பூந்து கரையுதுனு அர்த்தம். இது கொறையறது இல்ல, கரையறது. நான் எழுத மாட்டேன்."

"நல்ல நாளும் அதுவுமா இன்னாண்ணா பேச்சு இது!" என்று ஆராயி அவரை ஒதுக்கிவிட்டு, ஒரு லட்டைக் கிள்ளித் திரௌபதியின் வாயில் வைத்தாள். நெல்லிக்காய் அளவுகூட இல்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரௌபதி மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள், வேறு வழியில்லாமல் முழுங்கினாள். சிரித்த முகம் அப்படியே நின்றது. கண்ணில் மட்டும் தண்ணீர் முட்டியது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அம்பாரத்துக்குப் பின்னால் நடந்தாள்.

லட்டு வந்தது. காலையில் குடித்த தண்ணீரும் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் மண்ணாங்கட்டி நின்றுகொண்டிருந்தார்.

"எத்தினி நாளா?"

"ஒண்ணுமில்லண்ணா, லட்டு ஒத்துக்கல."

"தண்ணியும் ஒத்துக்கலயா?"

திரௌபதி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு நாளா மூத்திரங்கூட சரியா போலண்ணா. யார்கிட்டயும் சொல்லிடாத. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

அவர் என்ன தப்பு என்று கேட்கவில்லை. இன்ஜின் கொட்டகைப் பக்கம் திரும்பி, வாழ்நாளில் சேர்த்து வைத்திருந்த குரலையெல்லாம் ஒரே மூச்சில் செலவழித்தார்: "ஏ… கண்ணாயிரம்! மோட்டார நிறுத்திட்டு ஓடியாடா!"

மத்தியானத்துக்குள் புருஷனும் பெண்டாட்டியும் புதுச்சேரி பஸ்ஸில் இருந்தார்கள். கண்ணாயிரம் உப்பு காய்ந்த காலோடு, லுங்கியோடு அப்படியே ஏறியிருந்தான். பெரிய முதலியார்சாவடியில் பஸ் நின்றபோதுதான் வாயைத் திறந்தான்.

"குழாய நீ ஏன் அவ்ளோ நேரம் தொறந்து வுட்டன்னு இப்பத்தான் புரியுது. நான் தண்ணி பில்லு வருமேன்னு நெனச்சிக்கினு இருந்தேன் பாரு. நானும் ஒரு மனுசன்."

"பஞ்சாயத்துத் தண்ணிக்கு எங்கய்யா பில்லு?" என்றாள் அவள், கண்ணை மூடியபடி. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இருபத்துநாலு வருஷத்தில் பஸ்ஸில் வைத்து அவன் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் உடனே படுக்க வைத்துக் குளுக்கோஸ் பாட்டில் மாட்டினார்கள். அதற்கும் முன்னால் ஒரு விட்டமின் ஊசி. இத்தனை நாள் வாந்தி எடுத்தவர்களுக்கு அது முதலில் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் நரம்பு கெட்டுப்போகும் என்றார்கள். சாயங்காலம் டாக்டர் சங்கீதா வந்தார். முப்பத்தைந்து வயதுக்காரர், நடையிலேயே பாதி ஓட்டம் இருக்கும்.

"எப்போலேர்ந்தும்மா வாந்தி?"

கண்ணாயிரம் வாயைத் திறப்பதற்குள் திரௌபதி முந்தினாள். இந்த முறை கேலிக்காக அல்ல.

"டாக்டர், நான் நெத்திலி தின்னுட்டேன்."

"என்னது?"

"கருவாடு. அஞ்சாவது வாரம். ஒண்ணு. வறுத்தது. அதுலேர்ந்துதான் இப்டி. தையல் போட்ட எடத்துல முள்ளு குத்தி அடச்சிருக்கும். என் மேலதான் தப்பு. அவர்கிட்டகூட சொல்லல." சொல்லி முடித்ததும் குழந்தை மாதிரி அழுதாள். கண்ணாயிரம், எந்த நெத்திலி என்பதுபோல் ஒருமுறை பார்த்தான். பிறகு பார்க்கக் கூடாது என்று புரிந்து கூரையைப் பார்த்தான்.

டாக்டர் சிரிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இத பாருங்கம்மா. நெத்திலிக்கு அவ்ளோ சக்தியெல்லாம் கெடையாது. பையையும் குடலையும் சேத்துத் தச்சிருக்கோம்ல, அந்த எடம் ஆறும்போது சில பேருக்குத் தழும்பு சுருங்கும். வாசல் சின்னதாயிடும். நூறு பேருக்குப் பண்ணா நாலஞ்சு பேருக்கு வருது. நல்லா சாப்பாட்டுக் கட்டுப்பாடா இருந்தவங்களுக்கும் வருது. நீங்க பண்ண தப்பு ஒண்ணே ஒண்ணுதான். மூணு வாரம் முன்னாடியே வரல."

"அப்போ… நான் அதிகமா தின்னதால இல்லியா?"

"நீங்க தின்னது எதுவும் உள்ளயே போகலியேம்மா!"

அந்த வார்த்தையைக் கேட்டதும் திரௌபதியின் தோள் இரண்டும் இறங்கின. மூன்று வாரமாக அவள் சுமந்தது வாந்தியை அல்ல. அழுகை நின்ற இடத்தில் பழைய திரௌபதி எட்டிப் பார்த்தாள்.

"மூட்ட தைக்கறவ நானு. தையல ரொம்ப இறுக்கிட்டீங்களோன்னு ஒரு டவுட்டும் இருந்துச்சு. மரியாதைக்குக் கேக்கல."

"தையல் சரியாத்தான் இருக்குது" என்று டாக்டர் சிரித்தேவிட்டார். "மறுபடி வயித்தக் கிழிக்க வேணாம். வாய் வழியா கேமரா வெச்ச குழாய் விட்டு, அந்த வாசல்ல ஒரு பலூன் வெச்சு விரிச்சு விடலாம்."

கண்ணாயிரம் நிமிர்ந்தான். "பலூனா?"

"ஆமா. சின்னது, சுருட்டி உள்ள அனுப்புவோம்."

"உள்ள ஊதுவீங்களா? யார் ஊதுவா?"

"மருந்துத் தண்ணி நெரப்புவோம்பா. ஒரு நிமிஷம் பிடிச்சு வெச்சுட்டுத் திருப்பி எடுத்துடுவோம்."

"வெடிச்சிட்டா?"

"வெடிக்காது. ஆனா ஒரே தடவையில பெருசா விரிச்சா அந்த எடம் கிழிய வாய்ப்பிருக்கு. அதான் கொஞ்சம் கொஞ்சமா, ரெண்டு மூணு தடவை. அபூர்வமாத்தான் கிழியும், இருந்தாலும் சொல்லிட்டுத்தான் கையெழுத்து வாங்குவோம்."

கிழிய வாய்ப்பிருக்கு என்ற வார்த்தையில் கண்ணாயிரத்தின் பேனா நின்றுவிட்டது. திரௌபதி பேனாவைப் பிடுங்கித் தானே கையெழுத்துப் போட்டாள். "என் வயிறு, நான் போடறேன். நீ போட்டா உன் வயித்துல வுட்டுடப் போறாங்க."

இரண்டு நாள் கழித்து, உடம்பில் தண்ணீர் ஏறிய பிறகு, காலையில் கூட்டிக்கொண்டு போனார்கள். தொண்டையில் கசப்பாக ஒரு மருந்தை அடித்தார்கள். நாக்கு தன்னுடையதல்ல என்பதுபோல் மரத்துப் போனது. பல்லுக்கு நடுவில் ஒரு வளையம் வைத்தார்கள். இடது பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்லி, கையில் ஊசி போட்டார்கள். இதைப் பற்றி என்ன கேலி செய்யலாம் என்று திரௌபதி யோசித்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிப் போனாள்.

வெளியே கண்ணாயிரம் பெஞ்சில் உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் காதைத் தீட்டினான். சத்தியமாக ஒரு 'டப்' சத்தத்துக்காகத்தான்.

அரை மணி நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். "முடிஞ்சுதுப்பா. ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா அளவுக்குத்தான் வழி இருந்துச்சு. எங்க குழாயே முன்னாடி நொழையல. இப்போ பத்து மில்லிமீட்டருக்கு விரிச்சிருக்கோம், எந்தக் கிழிசலும் இல்ல. ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை." கண்ணாயிரம் கும்பிட்டான். பிறகு, "பலூனு?" என்றான். "எடுத்தாச்சுப்பா, எடுத்தாச்சு!"

தொண்டை மரப்பு போன பிறகு நர்ஸ் ஒரு டம்ளரில் தண்ணீரும் ஒரு ஸ்பூனும் கொண்டு வந்தார். திரௌபதி ஸ்பூனையே பார்த்தாள். மூன்று வாரமாக ஸ்பூனைக் கண்டாலே அவளுக்குக் குழாய்ச் சத்தம் ஞாபகம் வரும். வாயில் விட்டாள். முழுங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு, அது நெஞ்சுக்குழியில் வந்து நிற்பதற்காகக் காத்திருந்தாள். வரும், நிற்கும், முட்டும், திரும்பும். வழி அவளுக்கு அத்துப்படி.

நிற்கவில்லை. ஜில்லென்று ஒரு கோடு கீழே போனது. எங்கே போனது என்றே தெரியவில்லை.

"போயிடுச்சு" என்றாள்.

கண்ணாயிரம் பதறி எழுந்தான். "எது? எங்க?"

"தண்ணிய்யா. உள்ள போயிடுச்சு." சிரிப்பும் அழுகையும் ஒரே முகத்தில் இடம் பிடிக்கச் சண்டை போட்டன. "இன்னொரு ஸ்பூன் குடு."

இரண்டு வாரம் குழைத்த கஞ்சி, பருப்புத் தண்ணீர், மோர். அப்புறம் இரண்டாவது பலூன். இந்த முறை கண்ணாயிரம் பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்திலிருந்த ஒரு ஆளுக்கு, "பயப்படாதீங்க, மருந்துத் தண்ணிதான், நாமெல்லாம் ஊத வேண்டியதில்ல" என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். பதிமூன்று மில்லிமீட்டர் வரை விரித்தாயிற்று, இனி இட்லி சாப்பிடலாம், தேவைப்பட்டால் இன்னொரு தடவை பார்க்கலாம், வாந்தி வந்தால் அன்றைக்கே போன் செய்ய வேண்டும் என்று டாக்டர் மூன்று முறை சொல்லி, அவள் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்து அனுப்பினார்.

மறுநாள் காலை. கண்ணாயிரம் தானே இட்லி ஊற்றினான். ஒரு இட்லியில் பாதியைப் பிட்டு, சாம்பாரில் ஊறவைத்து, மசித்து, கிண்ணத்தில் வைத்தான். செய்தி எப்படியோ பரவியிருந்தது. வேலைக்குப் போகிற வழியில் ஆராயி வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். அவள் பின்னால் மண்ணாங்கட்டியும் வந்து சுவரோரம் நின்றார். மூன்று பேரும் கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்ப்பதுபோல் திரௌபதியின் வாயைப் பார்த்தார்கள்.

"இப்டிப் பாத்துக்கினே இருந்தா எப்டிய்யா முழுங்கறது? கண்ணு பட்டே அடச்சிக்கும்."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் திரும்பினார்கள். திரும்பியபடியே ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

முதல் ஸ்பூன். மென்றாள், மென்றாள், முழுங்கினாள். ஸ்பூனைக் கீழே வைத்தாள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. யாரும் அசையவில்லை. எட்டாவது நிமிஷத்தில் திரௌபதி நெஞ்சில் கை வைத்தாள். முகம் ஒரு மாதிரி மாறியது. கண்ணாயிரம் குண்டானைத் தூக்கினான். ஆராயி எழுந்துவிட்டாள். மண்ணாங்கட்டி திரௌபதி பக்கம் ஓரடி வைத்தார்.

நீளமாக ஒரு ஏப்பம் வந்தது.

"ஏப்பம்ப்பா!" என்றாள் திரௌபதி. "ஏப்பம்! மனுசி நிம்மதியா ஒரு ஏப்பம் வுட முடியுதா இந்த வீட்ல? போங்க, போயி அவங்கவங்க பொழப்பப் பாருங்க. யோவ், அந்தக் குண்டானக் கீழ வை."

கண்ணாயிரம் வைத்தான். அவள் ஸ்பூனை எடுத்து, கிண்ணத்தின் ஓரத்திலிருந்து கொஞ்சமாக அள்ளினாள்.